ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் பொறுப்போம்



மருத்துவமனையில் பணிபுரியும் நாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, இது குணமாயிடுமா?” வெளிநோயாளர் பிரிவில் சீட்டை நீட்டும்போதே சிலர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போன பிறகு, நர்சம்மாவிடம் தணிந்த குரலில் கேட்கிறார்கள். கேட்கிற எல்லோருக்கும் வேண்டியது ஒரே பதில்தான். ஆனால் எல்லா நோய்க்கும் அந்த ஒரே பதிலைச் சொல்லிவிட முடிவதில்லை. குணமாதல் என்றால் என்ன என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தால், இந்தக் கேள்வியையும் அதன் பதிலையும் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் டாக்டர் ‘க்யூர்’ என்று சொல்லும் அதே சொல்லைக் கான்கிரீட் போடும் மேஸ்திரியும் சொல்கிறார். டயர் தயாரிக்கும் தொழிற்சாலையிலும், தோல் மண்டியிலும், மீன் உலர்த்தும் இடத்திலும் அச்சொல் வழங்குகிறது. இது ‘கூரா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் கவனிப்பு, அக்கறை என்பதாகும். திருச்சபையில் ஆத்துமாக்களைப் பராமரிக்கும் பொறுப்புள்ள உதவி குருவானவரைக் ‘கியூரேட்’ என்பதும், கிரிக்கெட் ஆடுகளத்தைப் பராமரிப்பவரைக் ‘கியூரேட்டர்’ என்பதும் இதனால்தான். நோய் நீங்குதல் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. அச்சொல்லின் வேரில் இருப்பது பராமரிப்புதான்.

தமிழில் இதற்கு ஒரே சொல் இல்லை. வேலைக்கு ஏற்றபடி சொல்லும் மாறுகிறது. நோயாளி குணமாகிறார், நம் சபைகளில் சுகமானார், சொஸ்தமானார் என்கிறோம். தோலைப் பதனிடுகிறோம். புகையிலையைப் பாடம் போடுகிறோம். மீனை உப்பிட்டுக் கருவாடாக்குகிறோம். ஆயினும் இவற்றில் பலவற்றைத் தொட்டு நிற்கும் சிறிய சொல் ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் ஆறுதல். பால் ஆறுகிறது, சூளை ஆறுகிறது, புண் ஆறுகிறது, துக்கப்பட்ட மனமும் ஆறுகிறது. ‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பழமொழியை நினைவில் வைத்துக்கொண்டு, பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் வரை போய் வருவோம்.

களிமண் கற்றுத்தரும் பொறுமை

விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் உள்ள பழைய ஊர். திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். பழமலைநாதர் கோயிலால் நெடுங்காலமாக அறியப்பட்ட இவ்வூர், கடந்த நூற்றாண்டில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய பூமியில் நல்ல வெண்களிமண்ணும் கிடைத்தது இதற்கு உதவியாயிற்று. செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே உள்ளன. வீட்டு மின்பலகையில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர், மின்கம்பத்து இன்சுலேட்டர், அலங்காரப் பொம்மை, கார்த்திகை அகல் எனப் பலவும் இவ்வூரில் செய்யப்படுகின்றன.

பீங்கானுக்கு முக்கியமான பொருள்கள் மூன்று. முதலாவது களிமண். இரண்டாவது, நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ். மூன்றாவது ஃபெல்ஸ்பார் என்னும் கல். களிமண் உருவம் கொடுக்கிறது. ஃபெல்ஸ்பார் சூட்டில் உருகி இடைவெளிகளை அடைத்து எல்லாவற்றையும் ஒட்டவைக்கிறது. குவார்ட்ஸ், உடலுக்கு எலும்புக்கூடு போல, பொருள் நெருப்பில் உருக்குலையாமல் தாங்கி நிற்கிறது. கற்களை நைசாக அரைத்து, களிமண்ணோடும் தண்ணீரோடும் கலந்து, குழம்பாகவோ பிசைந்த மண்ணாகவோ ஆக்கி உருவம் செய்கிறார்கள். இந்த வெங்கச்சங்கல் பொடியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் அதைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

உருவம் செய்தவுடன் அதைச் சூளையில் வைத்துவிட முடியாது. முதலில் நிழலில் மெல்ல உலர வேண்டும். ஈரம் போகப்போக மண் துகள்கள் நெருங்கி வருகின்றன, பொருள் சுருங்குகிறது. உலர்வதிலும் சுடுவதிலுமாகச் சேர்ந்து நீளத்தில் பத்தில் ஒரு பங்கு குறைவதும் உண்டு. வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து உட்புறம் ஈரமாகவே இருந்தால், ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் இடங்கொடுக்காமல் பொருள் விரிந்துவிடும். அவசரப்பட்டு வெயிலில் வைத்த பொம்மையின் கழுத்தில் விழும் கீறல் இப்படி வருவதுதான்.

சூளைக்குள் போன பிறகும் அவசரம் உதவாது. 100 டிகிரி செல்சியஸை ஒட்டி மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிறது. அது மெல்ல வெளியேற வழியில்லாவிட்டால் பொருள் வெடித்துச் சிதறும். களிமண்ணின் அணுக்களோடு பிணைந்திருக்கும் நீர் ஒன்றும் உண்டு. கண்ணுக்கு உலர்ந்து தெரியும் 100 கிலோ தூய வெண்களிமண்ணில் ஏறக்குறைய 14 கிலோ இப்படி மறைந்திருக்கிறது. அது சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள் பிரிந்து போகிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று சற்றே பருக்கிறது. 1,200 டிகிரியைத் தாண்டும்போதுதான் ஃபெல்ஸ்பார் நன்றாக உருகிப் பரவி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பீங்கான் உருவாகிறது.

நெருப்பை நிறுத்தியபின்தான் பழமொழி உண்மையாகிறது. சூளை இறங்கும்போதும் அதே 573 டிகிரியைக் கடந்தாக வேண்டும். இப்போது குவார்ட்ஸ் திடீரென்று சுருங்கும். ஆறப் பொறுக்காமல் கதவைத் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால், இத்தனை நேர எரிபொருளும் உழைப்பும் ஒரு மெல்லிய விரிசலில் போய்விடும். ஆக்குவதற்குக் காத்திருந்தவர் ஆறுவதற்கும் காத்திருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்கலாம். உலர்ந்த களிமண் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் அது மறுபடியும் சேறாகும். சூளையில் வெந்த பொம்மையை எத்தனை ஆண்டு தண்ணீரில் போட்டாலும் சேறாகாது. திரும்பி வர முடியாத மாற்றம் அதற்குள் நடந்துவிட்டது.

மாவுக்கட்டும் மேஸ்திரியும்

விருத்தாசலத்தில் பொம்மை வார்க்கும் அச்சுகளைச் செய்வதற்குப் பயன்படும் வெள்ளைப் பொடிக்கும் எங்கள் வார்டுக்கும் ஓர் உறவு உண்டு. அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சம் என்னும் கல்லைச் சூடாக்கி அதிலுள்ள நீரின் பெரும்பகுதியை நீக்கினால் இப்பொடி கிடைக்கும். மறுபடி தண்ணீர் சேர்த்தால், இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் கல்லாக இறுகும். இறுகும்போது சூடும் கிளம்பும். கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த இளஞ்சூடு நினைவிருக்கும். இறுகிய அச்சில் நுண்துளைகள் இருப்பதால், ஊற்றிய மண் குழம்பின் நீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. பொம்மை சுவரோடு சுவராகப் படிந்து நிற்கிறது.

மாவுக்கட்டு சில நிமிடங்களில் இறுகினாலும், உள்ளே எலும்பு கூடுவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானே கூடிக்கொள்ளும்வரை அதை அசையாமல் வைத்திருப்பதுதான் கட்டின் வேலை. மூன்றாம் வாரமே வலி போய்விட்டது என்று கட்டை வெட்டி எடுத்துவிட்டு, வளைந்த கையோடு திரும்பி வருகிறவர்களை எந்த எலும்புச் சிகிச்சைப் பிரிவிலும் பார்க்கலாம்.

கான்கிரீட் இதே பாடத்தை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கான்கிரீட் காய்ந்து கெட்டியாகிறது என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது தண்ணீரைக் குடித்துத்தான் கெட்டியாகிறது. சிமென்டும் நீரும் இரசாயன முறையில் சேர்ந்து புதிய பொருள்களாகி, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இடையில் நீர் வற்றினால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தளம் போட்டபின் அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். தூண்களுக்குச் சாக்கு சுற்றி நனைக்கிறோம். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள். சாம்பல் போன்றவை கலந்த சிமென்டுக்கும், நம் ஊர் போன்ற உலர்ந்த வெப்பத்துக்கும் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தர நிர்ணய விதி. கான்கிரீட்டின் வலுவை 28-ஆம் நாளில் சோதித்துக் கணக்கிடுகிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. போட்ட மறுநாளே தளத்தின்மேல் ஏறி நடக்கலாம். காலுக்குக் கல்லாகத்தான் தெரியும். இனி எதற்குத் தண்ணீர் என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னும் பெரும்பகுதி பாக்கியிருக்கிறது என்பதை அனுபவமுள்ள மேஸ்திரிதான் அறிவார்.

உப்பும் வெயிலும்

உணவைப் பதப்படுத்துவது வேறு வகை. கடலூர்க் கடற்கரையில் மீனைக் கீறி உப்பிட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள். உப்பு, மீனின் சதையிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. அழுகச் செய்யும் கிருமிகளுக்கும் உயிர்வாழ நீர் வேண்டும். அது கிடைக்காமல் அவை பெருக முடிவதில்லை. உப்புக்கண்டம், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே. ஆனால் மீன் மீனாகவே இருக்கிறது. கெடுவது தள்ளிப்போடப்பட்டதே தவிர, நின்றுவிடவில்லை. மழைக்காலத்து ஈரம் பட்டால் கருவாட்டிலும் பூஞ்சை பிடிக்கும்.

மீனைக் காக்கும் உப்பு, உண்பவரின் இரத்தக் குழாய்க்கு நல்லதல்ல என்பதையும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் ஆசைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தோலிலும் இதே இரண்டு நிலைகளைக் காணலாம். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ உரித்தவுடன் அழுகத் தொடங்கும். உப்புத் தடவி வைத்தால், ஆம்பூருக்கோ இராணிப்பேட்டைக்கோ போய்ச் சேரும்வரை தாங்கும். இது தற்காலிகக் காவல். அங்கே உப்பைக் கழுவிவிட்டு, ஆவாரம்பட்டை போன்றவற்றின் துவர்ப்பிலோ குரோமிய உப்பிலோ ஊறவைக்கும்போதுதான் அழுகாத தோலாக மாறுகிறது. முதலாவது தள்ளிப்போடுதல், இரண்டாவது மாற்றிவிடுதல்.

ஈரோட்டு மஞ்சளையும் எண்ணிப் பாருங்கள். பிடுங்கிய பச்சைக் கிழங்கை வேகவைத்து, இரண்டு வாரம்வரை வெயிலில் காயவைத்து, பிறகு உருட்டி மெருகேற்றுகிறார்கள். 100 கிலோ பச்சை மஞ்சள் சுமார் 20 கிலோ உலர்ந்த மஞ்சளாகிறது. வேகவைப்பதால் கிழங்கின் முளைக்கும் தன்மை அடங்குகிறது. நிறம் உள்ளெங்கும் சீராகப் பரவுகிறது. பார்வைக்கு அதே மஞ்சள்தான். ஆனால் மண்ணில் நட்டால் இனி முளைக்காது.

ரப்பரும் முந்திரி ஓடும்

நெடுஞ்சாலை ஓரங்களில் ‘வல்கனைசிங்’ என்று எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மரத்திலிருந்து எடுத்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குகிறது என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். தனித்தனி நூல்களாகக் கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளுக்கிடையே கந்தகம் பாலம் கட்டுகிறது. நூல்கள் வலையாகின்றன. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். சூடு குறைந்தால் பாலம் போதாது. மிகுந்தால் ரப்பர் கெட்டுவிடும். நேரமும் சூடும் அளவாக இருக்க வேண்டும்.

விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் புண்ணாக்கிவிடும். உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வது அதனால்தான். அதே ஓட்டெண்ணெயைத் தக்க இரசாயனங்களோடு சேர்த்து இறுகச் செய்தால், வாகனங்களின் பிரேக் பட்டைகளில் உராய்வுச் சூட்டைத் தாங்கும் பிசினாகிறது. கையைச் சுட்ட பொருள் பேருந்தைப் பத்திரமாக நிறுத்தும் பொருளாகிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துச் சொன்னால் இப்படி வரும். உணவில் பதப்படுத்துவது, கெடுவதைத் தள்ளிப்போடுகிறது. தொழிலில் பதப்படுத்துவது, பொருளை முன்பிருந்த நிலைக்குத் திரும்ப முடியாதபடி புதியதாக்குகிறது. மருத்துவத்தில் நாம் விரும்புவதோ இதற்கு நேர்மாறானது. நோயாளி முன்பிருந்த நிலைக்குத் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறோம். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: உரிய காலம்வரை விடாமல் கவனிக்க வேண்டும்.

இருமல் நின்ற பிறகு

காசநோய் சிகிச்சையில் மறுநாள் கான்கிரீட்டின் பொறி அப்படியே இருக்கிறது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது, இருமல் குறைகிறது. “சிஸ்டர், இருமல்தான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. ஆனால் சில கிருமிகள் மெல்லப் பெருகியும் உறங்கியும் கிடக்கின்றன. அவற்றைத் தீர்ப்பதற்குத்தான் மிச்ச மாதங்கள். சாதாரணக் காசநோய்க்கு நம் நாட்டில் முதல் 2 மாதம் 4 மருந்துகளும், அடுத்த 4 மாதம் 3 மருந்துகளும் அரசு இலவசமாகத் தருகிறது. இடையில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத வகையாகவும் திரும்பலாம்.

இங்கே ‘குணம்’ என்ற சொல்லுக்குத் திட்டவட்டமான இலக்கணம் உண்டு. தொடக்கத்தில் சளியில் கிருமி இருந்து, சிகிச்சையின் முடிவில் பரிசோதித்து இல்லை என்று உறுதியானால்தான் பதிவேட்டில் ‘குணமானவர்’ என்று எழுதுகிறார்கள். மருந்தை முழுவதும் முடித்தும் அந்தச் சோதனை முடிவு இல்லாதவரைச் ‘சிகிச்சை முடித்தவர்’ என்று மட்டுமே எழுதுவார்கள். இருமல் நின்றது கணக்கில் வராது.

மருந்து இல்லாத காலத்தில் ஓய்வும், நல்ல காற்றும், உணவுமே சிகிச்சையாக இருந்தன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் சேர்ந்து நடத்திய சானடோரியம் அதற்காகவே ஏற்பட்டது. தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையத்தின் பெயர் அந்தக் காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஏழ்மையான தம் வீடுகளிலேயே இருந்து மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீட்டிலிருந்தே அதே அளவு குணம் பெறலாம் என்று 1959-இல் வெளியான முடிவு காட்டியது. உலகெங்கும் காசநோய் சிகிச்சை மாறுவதற்கு இது காரணமாயிற்று. சேத்துப்பட்டில் உள்ள அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கிருமி போனபின் இருப்பது

தொழுநோயில் குணம் என்பதன் இன்னொரு பக்கம் தெரிகிறது. 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால், கிருமி குறைவான வகைக்கு 6 மாதத்திலும் மிகுந்த வகைக்கு 12 மாதத்திலும் சிகிச்சையை முடிக்க முடிகிறது. கிருமி அழிகிறது, பிறருக்குப் பரவாது. ஆனால் அதற்குள் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால், மரத்துப்போன கைக்கு உணர்வு திரும்பி வருவது அரிது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் சுடுவது தெரியாது. முள் குத்தினால் வலிக்காது. வேலூரில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணிசெய்த டாக்டர் பால் பிராண்டு, விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரிதும் காரணம் வலி தெரியாமையால் ஏற்படும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். முடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகளையும் அவர் வகுத்தார். ஆகவே, மருந்தால் குணமானவருக்கும் நாள்தோறும் கைகால்களைப் பார்த்துக்கொள்ளும் கவனிப்பு வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

குணமாகாத தூசி

இனி வெங்கச்சங்கல் பொடிக்கு வருவோம். ஈரமாக இருக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. உலர்ந்த பொடியாகக் காற்றில் பறக்கும்போதுதான் ஆபத்து. மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. அதை விழுங்கி அழிக்க வரும் காவல் அணுக்கள் தாமே மடிகின்றன. அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்புகள் கூடி, பஞ்சுபோன்ற நுரையீரல் விறைத்துப்போகிறது. இதுவே சிலிகோசிஸ். கல்லுடைப்போர், கிணறு தோண்டுவோர், குவார்ட்ஸ் அரைப்போர், பீங்கான் செய்வோர் எனப் பலருக்கும் உலகெங்கும் இது வந்திருக்கிறது.

பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கும் மேலோ கழித்தே மூச்சுத்திணறல் தெரிகிறது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. ‘ஐயா, குணமாயிடுமா?’ என்று கேட்டால் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சூளையில் வெந்த மண் சேறாகாதது போல, தழும்பான நுரையீரலும் பழையபடி ஆவதில்லை. அதோடு, சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். அவருக்குக் காசநோய் சிகிச்சையை டாக்டர்கள் சில மாதங்கள் கூடுதலாக நீட்டிப்பதும் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், சிலிகோசிஸைக் காசநோய் என்று தவறாக எண்ணிவிடவும் கூடும்.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் தொழில் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குயவர்களுக்கு வரும் நோய்களையும் அதில் விவரித்தார். நோயாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகளோடு ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார் அவர். டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள். பத்து வருடத்துக்கு முன் விட்ட வேலையானாலும் சொல்லுங்கள்.

குணப்படுத்த முடியாத இந்த நோயை வராமல் தடுக்க முடியும். இங்கிலாந்தின் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில், சூளையில் பாத்திரங்களை அடுக்கப் பயன்படுத்திய சிக்கிமுக்கிக்கல் பொடிக்குப் பதிலாக, சிலிக்கா இல்லாத அலுமினாப் பொடியைக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கொண்டுவந்தார்கள். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாகச் சிலிகோசிஸைச் சேர்த்தது.

பட்டறையில் செய்யக்கூடியவை எளியவை. கல்லை உலர அரைக்காமல் நீர் விட்டு அரைக்க வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், நனைத்துத் துடைக்க வேண்டும். உடையில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதி விரட்டக் கூடாது. உலர்ந்த பொருளின் ஓரங்களைச் சீவி மழிக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் விசிறி இருக்க வேண்டும். முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் தரமான தூசி முகமூடி அணிய வேண்டும். வாயைச் சுற்றிக் கட்டும் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. வேலை உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. பீடி, சிகரெட்டை விட்டுவிட வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நோய் வந்துவிட்டவருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. தூசியிலிருந்து விலக்கிவைப்பது, காசநோய் வந்தால் உடனே கண்டுபிடித்து மருத்துவம் செய்வது, சளித் தொற்றுகளைத் தடுப்பது, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது, தேவைப்பட்டால் பிராணவாயு கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் இருக்கின்றன. ‘கூரா’ என்ற பழஞ்சொல் குறித்தது இந்தப் பராமரிப்பைத்தான். புண் ஆறாத இடத்திலும் மனம் ஆறுவதற்கு இடமிருக்கிறது.

எனவே ‘குணமாயிடுமா?’ என்ற கேள்விக்கு எங்களிடம் இருக்கும் பதில்கள் மூன்று. சில நோய்களுக்கு, ‘ஆகும்; ஆனால் கடைசி மாத்திரை வரை பொறுக்க வேண்டும்.’ சிலவற்றுக்கு, ‘நோய் போகும், பிறகும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.’ இன்னும் சிலவற்றுக்கு, ‘ஆகாது, ஆனாலும் உங்களைக் கைவிட மாட்டோம்.’

உங்கள் தெருவிலோ சபையிலோ காசநோய் மருந்து உட்கொள்பவர் யாராவது இருக்கலாம். முதல் மாதத்தில் எல்லோரும் விசாரிக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில், அவர் நடமாடத் தொடங்கியபின், விசாரிக்க ஆள் இருப்பதில்லை. மாத்திரை நின்றுபோவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஒரு மாலை அவர் வீட்டுப் பக்கம் போய், “இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். போட்ட தளத்துக்கு அந்த நேரத்தில் தேவைப்படும் தண்ணீர் அதுதான்.